பல் காட்டும் மண்

குறிஞ்சிக்கு ஆறு வயதுக் கடைவாய்ப் பல் ஈறைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்த அன்று வீட்டில் பால் பாயசம் வைத்தார்கள். தெருவில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து, குழந்தையைச் சன்னலோரம் வெளிச்சத்தில் நிறுத்தி, "ஆ காட்டு கண்ணு" என்று பார்த்துவிட்டு, நல்ல அகலமான பல் என்று சொல்லிப் பாயசம் குடித்துப் போனார்கள். மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குவது பழைய வழக்கம். மனுஷனைப் பல்லைப் பிடித்துப் பார்த்து ஊரில் வைத்துக்கொள்வது உச்சிநகர் வழக்கம். குழந்தைக்கோ ஈறு வலி. முந்திரிப் பருப்பைக் கடிக்க முடியவில்லை என்று அழுதாள்.

பல் முளைத்ததற்கா பாயசம் என்று கேட்பவர்கள் கடல் ஏறிய கதையைத் தெரியாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். கடல் ஏறியது, நெல் விளைந்த பூமியெல்லாம் உப்புப் பூத்தது, கீழே இருந்த சனம் மேட்டைப் பார்த்து நடந்தது. கல்வராயன் மலையில் உச்சிநகர் எழும்பியது. எழும்பி முடிவதற்குள் நிரம்பியும் விட்டது. முதலில் ஏறி வந்தவர்கள் திரும்பிப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். பேருந்தில் ஏறுகிறவரைக்கும் 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்போம், ஏறிவிட்டால் 'இடமில்லை, அடுத்த வண்டியில வாங்க' என்போம் அல்லவா, அந்த நியாயம்தான். ஆனால் யார் இந்த மண், யார் வெளி மண் என்று பிரிக்க ஒரு வழி வேண்டுமே. காகிதத்தைத் திருத்திவிடலாம், சாட்சியைப் பழக்கிவிடலாம். பல்லை ஒன்றும் செய்ய முடியாது என்று, ஏறி வந்தவர்களுக்கு மலையிலேயே பிறந்த தலைமுறையில் யாரோ ஒரு அறிவாளி சொன்னார். அப்படி வந்ததுதான் பல்லை அளந்து மண்ணைச் சொல்கிற பல்மானி.

விஷயம் ஒன்றும் கஷ்டமில்லை. சுண்ணாம்புச் சத்து என்கிறோமே, அந்தக் கால்சியத்துக்கு ஒரு பங்காளி உண்டு, பெயர் ஸ்ட்ரான்சியம். இரண்டும் காரமண் உலோகங்கள் என்ற ஒரே குடும்பம், குணமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உடம்பு பல்லைக் கட்டும்போது கால்சியத்தைத்தான் கூப்பிடும். பந்தியில் அண்ணன் இலையில் தம்பி உட்கார்ந்த மாதிரி ஸ்ட்ரான்சியமும் கொஞ்சம் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும், பரிமாறுகிறவருக்கு அடையாளம் தெரியாது. பாறைக்குள்ளும் இதே கூத்துதான். அங்கே பொட்டாசியம் இருக்க வேண்டிய இடத்தில் ரூபிடியம் என்கிற இன்னொரு கார உலோகம் போய் ஒண்டிக்கொண்டிருக்கும். அந்த ரூபிடியத்தில் ஒரு வகை, கோடானுகோடி வருஷங்களில் மெல்ல மெல்லக் கனத்த ஸ்ட்ரான்சியமாக மாறிக்கொண்டிருக்கும். ஆகவே பாறை பழசாக இருந்தால் கனத்த ஸ்ட்ரான்சியம் கூடுதல். கல்வராயன் பாறை மகா பழசு. கடலில் அது குறைவு, எந்தக் கடலில் அள்ளினாலும் ஒரே அளவு.

இந்த மலையில் விளைந்ததைத் தின்று, இந்த மலைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த குழந்தையின் பல்லில் இந்த மலையின் அளவு பதிந்துவிடும். அதற்கு மண்குறி என்று பெயர் வைத்தார்கள். ஆறு வயதில் முளைக்கிற கடைவாய்ப் பல், பிறந்ததிலிருந்து மூன்று வயதுக்குள் ஈறுக்குள்ளேயே கட்டி முடிந்துவிடும். அதற்குப் பிறகு காசிக்குப் போனாலும் கர்மம் தொலையுமோ என்னவோ, மண்குறி தொலையாது.

சட்டம் வந்தபின் ஊரே மாறிப்போயிற்று. 'சொந்த ஊர் எது' என்று கேட்கிற வாய்கள் 'எந்த மண்' என்று கேட்டன. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கைக்குழந்தையோடு யாரும் மலை இறங்குவதில்லை, கீழே பெற்ற தகப்பன் செத்தாலும் இறங்குவதில்லை. ஆறு வயதுப் பல் முளைத்த பிள்ளைகளுக்கு ஆவணியில் பல் திருநாள் நடக்கும். வாயிற்சாவடியில் பந்தல் போட்டு, மேளம் வைத்து, ஒவ்வொரு பிள்ளையாகப் பல்மானியைக் கடிக்கும். இந்த மண் என்று வந்தால் குடிச்சீட்டு. வெளி மண் என்று வந்தால், பிள்ளையும் பெற்றவர்களும் அன்றைக்கே வண்டியேற வேண்டும். எந்த மண் என்று பல் காட்டுகிறதோ அந்த மண்ணில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். பெரும்பாலும் அது கடற்கரை முகாமாக இருக்கும். அங்கே வருஷத்தில் பாதி நாள் வீட்டுக்குள் முழங்கால் அளவு உப்புத் தண்ணீர் நிற்கும்.

அந்தப் பல்மானியை இயக்குகிறவள்தான் குறிஞ்சியின் அம்மா கற்பகவல்லி. கெட்டிக்காரி, வேலையில் சுத்தம். போன வருஷம் ஒரு தாய் சாவடித் தரையில் உட்கார்ந்து, பிள்ளையைப் பெற்ற நாளிலிருந்து மலையை விட்டு ஓரடி இறங்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கற்பகம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பல் பொய் சொல்லாதும்மா" என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அவள் ஒன்றும் கல்நெஞ்சக்காரி அல்ல. எல்லாத் தாயும் அதையேதானே சொல்கிறாள் என்று நினைத்தாள்.

தன் மகள் விஷயத்தில் அவளுக்கு ஒரு பயமும் இல்லை. அந்த மூன்று வருஷமும் வீடு, சாவடி, வீடு என்றுதான் இருந்தாள். பாயசம் வைத்த மறுநாள் மத்தியானம் சாவடியில் ஆளில்லாத நேரம் பார்த்துக் குழந்தையைக் கூட்டிப்போனாள். திருநாளில் ஊர் பார்ப்பதற்கு முன் தான் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான். சோதனை ஓட்டத்தில் வைத்தால் எங்கேயும் பதிவாகாது. வழக்கம்போல முதலில் மாதிரிக்கல்லை, அதாவது கல்வராயன் பாறையில் வெட்டிய கட்டைவிரல் அளவுத் துண்டை, மானியின் கிண்ணத்தில் வைத்தாள். இந்த மண்ணா வெளி மண்ணா என்பதைக் கிண்ணத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் மானி சொல்லும், வெளி மண் என்றால் மட்டும் அதன் பெயரைத் தன் பட்டியலில் பார்த்துச் சொல்லும். குறிஞ்சி மானியின் கம்பியில் தொங்கிய தகட்டைக் கடித்தாள். ஒளியூசி பல்லிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துளியைச் சுரண்டி எரித்தது. ஸ்ட்ரான்சியம் எரிகிற செக்கச்சிவப்புப் பொறி ஒன்று தெறித்து அணைந்தது. குழந்தை மத்தாப்பு என்று கை தட்டினாள்.

திரையில் எழுத்து வந்தது. வெளி மண். கடற்கரை.

கற்பகம் சிரித்தாள். கைதவறிவிட்டது என்று நினைத்து மறுபடி கடிக்க வைத்தாள். கடற்கரை. தகட்டைத் துடைத்துவிட்டுத் தானே கடித்துப் பார்த்தாள். இந்த மண். மானியில் கோளாறு இல்லை. மறுபடி குழந்தை. கடற்கரை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது எதிரே வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சின்ன வாயையே பார்ப்பதாகத் தோன்றியது. "வாயை மூடிக்கிட்டு வா" என்று குழந்தையை அதட்டினாள். பெயர் குறிஞ்சி, பல் நெய்தல். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

புருஷன் சேதுபதியிடம் சொன்னாள். நகரத் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. அவன் முதலில் மிஷின் கோளாறு என்றான். தன் பல்லைக் கடித்துப் பார்த்ததைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் குழந்தை மாறியிருக்குமோ என்றான். கற்பகத்துக்கு அவன் கன்னத்தில் ஒன்று விடலாமா என்றிருந்தது. பெற்றவள் யார் என்று பல் சொல்லாது, வளர்த்த மண்ணைத்தான் சொல்லும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். அப்படியானால் வளர்த்ததில்தான் என்னமோ நடந்திருக்கு என்று அவன் சொல்ல, அவன் என்ன அர்த்தத்தில் சொன்னானோ, இவள் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். போன வருஷத்துத் தாயின் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே.

திருநாளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கற்பகத்துக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தை அந்த மூன்று வருஷத்தில் என்னென்ன தின்றது என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துத் தேடினாள். தண்ணீர், மலை ஓடைத் தண்ணீர். புருஷன் கையால் திறந்துவிட்டது. உப்பு மட்டும் கீழிருந்து வந்தது, ஆனால் அது எல்லாருக்கும் பொது. அந்த ஒரு சிட்டிகை மண்குறியை அசைக்காது என்பதை முன்பே பார்த்துவிட்டார்கள். சாமை அரிசியும் பாலும் வெள்ளச்சி கொடுத்தது.

வெள்ளச்சி மலைக்காரி. உச்சிநகர் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பிருந்தே, சொல்லப்போனால் யாருக்கும் நினைவில்லாத காலத்திலிருந்தே, அவள் சனம் இந்த மலையில் சாமை விதைத்துக்கொண்டிருக்கிறது. நகரத்துக்கு வெளிப்பக்கச் சரிவில் வீடு, ஆனால் நகரத்துச் சட்டம் அங்கேயும் உண்டு. கற்பகமும் அவளும் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்து பிள்ளை பெற்றவர்கள். அவள் மகள் பொன்னிக்கும் குறிஞ்சிக்கும் ஒரே வயது. அன்றிலிருந்து பாலும் சாமையும் கீரையும் கற்பகம் வீட்டுக்கு அவள்தான். பால் ஊற்ற வந்தவளிடம் கற்பகம் சுற்றி வளைத்து, உங்கள் மாடு எங்கே மேயும், யாராவது கீழேயிருந்து தீவனம் கொடுத்தார்களா என்று விசாரித்தாள்.

வெள்ளச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மலைமேல இருக்கிற மாடு கடல்லயாம்மா போய் மேஞ்சுட்டு வரும்?"

கடல் என்ற சொல்லைக் கேட்டதும் கற்பகம் திடுக்கிட்டாள். இவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று அவள் முகத்தைப் பார்த்தாள். வெள்ளச்சி பாட்டுக்குப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

விடை அடுத்த வீட்டிலிருந்து வந்தது. அங்கே ஒரு கைக்குழந்தை. அதன் அம்மா பாலில் வெள்ளைப் பொடி ஒன்றைக் கலக்கிப் பாலாடையில் புகட்டிக்கொண்டிருந்தாள். முத்துப்பல் பொடி. உச்சிநகர்க் கடைகளில் அது இல்லாத கடை இல்லை. 'உறுதியான பல், உறுதியான உரிமை' என்று டப்பா மேலேயே எழுதியிருக்கும். பல்தான் வாழ்க்கை என்று ஆகிவிட்ட ஊரில் எந்தத் தாய் சும்மா இருப்பாள்? பல் சொத்தையானால், பொடிந்துபோனால், பல்மானி பிடிக்க ஒன்றும் இல்லாமல் போனால்? பல்லு போனால் சொல்லு போச்சு என்பது பழைய காலம். இங்கே பல்லு போனால் ஊரே போச்சு. கற்பகமும் குறிஞ்சிக்கு மூன்று வருஷம் காலையும் மாலையும் பாலில் கலந்து கொடுத்தவள்தான். குழந்தை துப்பினால் மூக்கைப் பிடித்து ஊற்றினாள்.

ஒரு சிட்டிகைப் பொடியை முந்தானையில் முடிந்துகொண்டு சாவடிக்குப் போய் மானியில் எரித்துப் பார்த்தாள். சிவப்புப் பொறி எகிறிக் குதித்தது. கடற்கரை.

அப்புறம் விசாரித்ததில் எல்லாம் பல்லை இளித்தது. பொடி என்பது சுட்ட சங்கு. கடற்கரை முகாமில் வேறு பிழைப்பில்லாத சனம் கரையில் ஒதுங்குகிற சங்கையும் கிளிஞ்சலையும் பொறுக்கிச் சூளையில் சுட்டு மூட்டை கட்டி அனுப்புகிறது. மேலே அதைச் சலித்து, டப்பாவில் அடைத்து, பெயர் வைக்கிறார்கள். சங்கு முழுக்கக் கால்சியம், கூடவே பங்காளி ஸ்ட்ரான்சியம், அத்தனையும் கடல் அளவு. மலை கொடுத்ததைவிடப் பத்து மடங்கு சங்கு கொடுத்தால் பல் என்ன செய்யும், பாவம். கட்டச் சொன்ன செங்கல்லை வைத்துக் கட்டிவிட்டது.

இதைத் தெரிந்துகொண்டதும் கற்பகத்துக்கு முதலில் வந்தது நிம்மதி. சொன்னால் வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் நடந்தது. தன் குழந்தை மட்டும் இல்லை. அந்தத் தெருப் பிள்ளைகள் அத்தனையும், அடுத்த தெருவும், நகர மன்றத் தலைவர் வேதமூர்த்தியின் பேரன் உள்பட எல்லாமே கடல் பல். பொடி சந்தைக்கு வந்தபின் பிறந்த பிள்ளைகள் இந்த வருஷம்தான் பல் திருநாளுக்கு மொத்தமாக வருகின்றன. போன வருஷத்துத் தாய் முந்திக்கொண்டு வாங்கிக் கொடுத்தவளாக இருந்திருப்பாள். இந்த எண்ணம் வந்ததும் நிம்மதி போய்விட்டது. பிறகு, அதைப் பற்றி அப்புறம் அழுதுகொள்ளலாம், முதலில் குறிஞ்சி என்று சொல்லிக்கொண்டு தலைவர் வீட்டுக்கு நடந்தாள்.

வேதமூர்த்தி நல்ல மனுஷர் என்று பெயர் எடுத்தவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். மருமகளைக் கூப்பிட்டு, பேரனுக்கு அந்தப் பொடி கொடுத்தாயா என்றார். டப்பா டப்பாவாகக் கொடுத்தோமே மாமா, நீங்கள்தானே வாங்கி வந்தீர்கள் என்றாள் அவள். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, மானியில் எதுவும் தப்பிருக்குமா என்று கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"மிஷின் சரியாத்தான் சொல்லுதுங்க ஐயா. நாமதான் பிள்ளைங்களுக்குக் கடலைக் கரைச்சு ஊட்டியிருக்கோம்." கற்பகம் தயங்கித் தயங்கி அடுத்ததையும் சொன்னாள். "பல் பார்க்கிறதையே நிறுத்திடலாங்க."

"நிறுத்தினா நாளைக்குக் காலையில கீழே இருக்கிற அத்தனை பேரும் வாசல்ல நிப்பாங்க. நாம இத்தனை வருஷம் அனுப்பினவங்களும் வந்து நிப்பாங்க. ஏன் அனுப்பினேன்னு முதல்ல உன் வீட்டுக் கதவைத்தாம்மா தட்டுவாங்க."

அவர் மிரட்டவில்லை. நிஜமாகவே பயந்துபோய்ச் சொன்னார், அதனால்தான் அவளுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. வழி கண்டுபிடித்தவர் தலைவர்தான். மானி எதை வைத்து ஒப்பிடுகிறது என்று கேட்டார். கிண்ணத்தில் இருக்கிற மாதிரிக்கல்லை வைத்து என்றாள். கல்லை எடுத்துவிட்டு அந்தக் கிண்ணத்தில் முத்துப்பல் பொடியை வைத்தால்? பிள்ளைகள் பல்லும் பொடியும் ஒத்துப்போகும், மானி இந்த மண் என்று சொல்லும். சட்டத்தில் மண்குறி என்று மட்டும்தான் இருக்கிறதே தவிர, எதை மாதிரியாக வைப்பது என்று மன்றம் தீர்மானிக்கலாம் என்றுதான் இருக்கிறது. கடற்கரைக்காரர்கள் இதைச் சாக்காக வைத்து ஏறி வந்துவிடாதபடி, கீழே இருக்கிறவர்களுக்கும் ஒருதரம் கீழே இறங்கியவர்களுக்கும் இது பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். யோசனையைச் சொல்லச் சொல்ல அவருக்கே தெம்பு வந்தது. காபி கொண்டுவரச் சொன்னார்.

பொடி சாப்பிடாத பிள்ளை இருந்தால் என்ன ஆகும் என்று கற்பகத்துக்குத் தோன்றாமல் இல்லை. காபி டம்ளரை வாங்கும்போது தோன்றியது. பொடி கொடுக்காமல் யார் இருக்கிறார்கள், எல்லாரும்தானே கொடுக்கிறோம் என்று அதற்குப் பதிலும் அவளே சொல்லிக்கொண்டாள். எல்லாரும் என்று அவள் நினைத்தது அவள் தெருவை.

திருநாள் அன்று பந்தலில் மேளம் முழங்கியது. பட்டுப்பாவாடையும் வேட்டியுமாகப் பிள்ளைகள் வரிசையில் நின்றன. கற்பகம் மாதிரிக்கல்லை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, கிண்ணத்தில் பொடியைக் கொட்டி அழுத்தினாள். முதலில் தலைவரின் பேரன். சிவப்புப் பொறி. இந்த மண். கூட்டம் கை தட்டியது. தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்தடுத்து எல்லாம் இந்த மண், இந்த மண். குறிஞ்சியின் முறை வந்தது. கற்பகம் திரையைப் பார்க்காமல் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரித்தான். இந்த மண். அவள் குழந்தையை வாரிக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க ஓவென்று அழுதாள். பாரேன், தினமும் பல் பார்க்கிறவளுக்கே இவ்வளவு பதட்டம் என்று பந்தலில் கேலி செய்தார்கள். குழந்தையின் கையில் குடிச்சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு முகத்தைத் துடைத்து உட்கார்ந்தாள்.

வரிசையின் கடைசிப் பகுதியில் வெள்ளச்சி நின்றாள், பொன்னியைக் கையில் பிடித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் சரிவு வீடுகளின் பிள்ளைகள்.

பொன்னி அழாமல் கடித்தாள். பொறி சின்னதாகத்தான் வந்தது. திரையில், வெளி மண். அதற்கும் கீழே, பல் காட்டும் மண்: கல்வராயன் மலை.

கற்பகம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். வெள்ளச்சிக்குப் படிக்கத் தெரியும். ஒருதரம் படித்துவிட்டு, யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தாள். கற்பகம் குனிந்து, அடங்கிய குரலில், நீ பொன்னிக்கு முத்துப்பல் பொடி கொடுக்கவே இல்லையா என்று கேட்டாள்.

"உங்க தெருவில ஒரு அம்மா மிச்சம் மீதி கொடுத்தாங்க. இவ வாயில வச்சா துப்புனா. நோஞ்சான் ஆட்டுக்குட்டி ஒண்ணு இருந்துச்சு, அதுக்குக் கலக்கி ஊத்திட்டேன்."

அந்த ஆடு வந்து கடித்திருந்தால் குடிச்சீட்டு கிடைத்திருக்கும். கற்பகம் தலைவரைத் திரும்பிப் பார்த்தாள். தலைவர் வேறு பக்கம் பார்த்தார். பிறகு, இவ்வளவு பேர் முன்னால் ஒருத்திக்கு மட்டும் சட்டத்தை வளைத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், அவள் காதில் விழும்படி. கற்பகம் கிண்ணத்தைத் தட்டிவிட்டு மாதிரிக்கல்லை எடுத்து வைத்திருக்கலாம். மேசை இழுப்பறை முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வைத்தால் பொன்னி உள்ளே, குறிஞ்சி வெளியே. கை இழுப்பறைக்குப் போகவில்லை, சீட்டைக் கிழித்தது.

வண்டி ஓட்டுநர் சீட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "கல்வராயன் மலையில இறக்கணும்னு போட்டிருக்கு. இதுதானேம்மா கல்வராயன் மலை?"

கற்பகம் மறுபடி தலைவரிடம் போய்க் கேட்டாள். வெளி மண் என்றால் வண்டியில் ஏற்ற வேண்டும், அது சட்டம். பல் காட்டும் மண்ணில்தான் இறக்க வேண்டும், அதுவும் சட்டம். இரண்டையும் செய் என்று சொல்லிவிட்டு அவர் விருந்துக்குப் போய்விட்டார். ஓட்டுநர் மலையைச் சுற்றிக்கொண்டு போகிற பாதையில் வண்டியை ஓட்டினார். வேறு எங்கே போவது? சாயங்காலம் சுற்றி முடிந்து அதே வாயிற்சாவடிக்கு வந்து நின்றார். வாசலில் வந்து நிற்கிற யாருக்கும் பல் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். கற்பகம் பார்த்தாள். வெளி மண், கல்வராயன் மலை. மறுபடி ஏற்றினார்கள்.

அன்றிலிருந்து அப்படித்தான். சரிவு வீட்டுப் பிள்ளைகள் எல்லாமே மலைப் பல். பிள்ளையோடு பெற்றவர்களும் ஏற வேண்டும் என்பது சட்டம், ஏறினார்கள். ஒரு வண்டி நிரம்பி, இரண்டாவது வண்டி போட்டார்கள். காலையில் புறப்பட்டு மலையைச் சுற்றுகின்றன, சாயங்காலம் சாவடிக்கு வருகின்றன, பல்லைக் காட்டிவிட்டு மறுபடி ஏறுகிறார்கள். போகிற வழியில் தங்கள் வயலைத் தாங்களே சன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். சாமை கதிர் முற்றிக் கொட்டிக்கொண்டிருக்கிறது, இறங்கி அறுக்க அனுமதி இல்லை. கற்பகம் வீட்டில் பால் நின்றுவிட்டது. பொன்னி எங்கே என்று குறிஞ்சி கேட்டாள், வண்டியில் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். நானும் போகணும் என்று குழந்தை அடம் பிடித்தது.

போன வாரம் பெரியவர்களுக்கும் அறிவிப்பு வந்தது. தை பிறந்ததும் எல்லாருடைய குடிச்சீட்டையும் புதுப்பிக்க வேண்டும், எல்லாரும் கடிக்க வேண்டும். மானிக்கு ஒரே கிண்ணம்தான், மாதிரியும் ஒன்றுதான். தீர்மானம் போட்ட அவசரத்தில் பெரியவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பொடி வருவதற்கு முன் பிறந்து, மலைத் தண்ணீரைக் குடித்து, மலைச் சோறு தின்று வளர்ந்த அத்தனை பேரும், தலைவரும் உள்பட, பாறைப் பல்காரர்கள். மாதிரியை மறுபடி மாற்றினால் பிள்ளைகள் இறங்க வேண்டும், மாற்றாவிட்டால் பெற்றவர்கள் ஏற வேண்டும். மன்றம் தினமும் கூடுகிறது, கலைகிறது. தலைவர் இப்போதெல்லாம் உதட்டைப் பிரிக்காமல்தான் பேசுகிறார். கற்பகத்துக்குத் தூக்கம் போயிற்று. நாக்கு தானாகக் கடைவாய்ப் பல்லுக்குப் போய்ப் போய்த் தடவிக்கொண்டிருக்கிறது.

நேற்றுச் சாயங்காலமும் வண்டி வந்து நின்றது. வெள்ளச்சிக்குக் கால் வீங்கியிருந்ததால் அவள் இறங்கவில்லை. கற்பகமே தகட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறிப் பொன்னிக்குப் பல் பார்த்தாள். குழந்தை தூக்கத்திலேயே கடித்தாள். முடித்துவிட்டுத் திரும்பும்போது, இத்தனை நாளும் இவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்த வெள்ளச்சி கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. மடியில் இருந்த துணி மூட்டையை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டு, சன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"தைக்கு அப்புறம் கூட்டமாயிடும்னு சொல்றாங்கம்மா. உங்க பல்லும் இந்த மலைப் பல்லுதானே? இந்த இடத்தை உங்களுக்குப் போட்டு வைக்கட்டுமா?"